மாடு வாங்குவதற்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

வாசகர் கடிதம்

அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 27. திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தேன். மாமனார் தவறியதும் தாராபுரம் பக்கம் கணவரின் ஊருக்கே வந்துவிட்டோம். ஒன்றரை வருடம் ஆகிறது. இரண்டு ஏக்கர் மேட்டாங்காடு, ஓட்டு வீடு, ஒரு போர். கணவர் நூல் மில்லுக்குப் போகிறார், சம்பளம் 17,000. நான்கு வயதில் ஒரு மகள். மாமியார் எங்களுடன்தான் இருக்கிறார்.

எதையும் கடையில் வாங்குவதில்லை என்று வைராக்கியமாக இருக்கிறேன். காய், கீரை வீட்டில் விளைகிறது. ஆறு கோழி இருக்கிறது. கடலையைச் செக்கில் கொடுத்து ஆட்டிக்கொள்கிறோம். முட்டையைக்கூட வீட்டில் செலவழிக்காமல் விற்று உண்டியலில் போடுகிறேன். கேஸை மிச்சம் பிடிக்க விறகடுப்பில் சமைக்கிறேன். மாதம் 6,000 ரூபாயில் வீடு நடக்கிறது. இனி பாலும் வாங்கக் கூடாது என்று, 60,000 ரூபாய் கடனில் ஒரு மாடு வாங்க நினைக்கிறேன். சோப்பும் நானே காய்ச்சலாம் என்று வீடியோ பார்த்து வைத்திருக்கிறேன். ஆனால் நாத்தனார் வந்தால், “கம்பெனிக்குப் போனா பன்னெண்டாயிரம் வரும், இங்க சும்மாதான இருக்கறா” என்கிறார். கணவரும் மறுத்து ஒரு வார்த்தை சொல்வதில்லை. நான் செய்வது சரியா? மாடு வாங்கலாமா?

பி.கு.: போன வருடத் துவரை முழுக்க வண்டு அரித்துவிட்டது. அதற்கும் ஒரு வழி சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற மனையியல் அலுவலர்

மாடு இப்போது வேண்டாம், அம்மிணி. ஏன் என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்ல வேண்டும், அதற்கு வருகிறேன். அதற்கு முன் அந்த முட்டையைப் பற்றிப் பேச வேண்டும். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அதுதான்.

நாட்டுக்கோழி ஒரு ஈட்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து முட்டை இடும். அப்புறம் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டு முழுவதும் பார்த்தால் ஒரு கோழிக்கு 60, 70 முட்டை தேறும். ஆறு கோழி என்றால் சராசரியாக நாளுக்கு ஒரு முட்டை. பன்னிரண்டு ரூபாய்க்கு விற்றாலும் மாதம் 360 ரூபாய். அந்த 360 ரூபாய்க்காகத்தான் நான்கு வயதுக் குழந்தை இருக்கிற வீட்டில் முட்டை வெளியே போகிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை. நான் வேலையில் இருந்த காலத்தில் ஊர் ஊராகப் போய்ச் சமையல் செய்து காட்டியிருக்கிறேன். நன்றாகச் சிக்கனம் பிடிக்கிற பெண்கள்தான் கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் வெளுத்துப்போயிருப்பார்கள். கணவருக்கும் பிள்ளைக்கும் வைத்துவிட்டு, பானை அடியில் இருக்கிற ரசத்தை ஊற்றிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். நீங்கள் அப்படிச் செய்வதாக எழுதவில்லை. இருந்தாலும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு தரம் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். முட்டை வீட்டிலேயே இருக்கட்டும். மகளை அங்கன்வாடிக்கு அனுப்பினால் அங்கேயும் வாரம் மூன்று முட்டை கொடுக்கிறார்கள். அதை வாங்குவதில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

முட்டை விற்ற காசு உங்கள் சிறுவாடு என்பது எனக்குத் தெரியும். என் அம்மாவும் கடுகு டப்பாவில் அப்படித்தான் சேர்த்தார், அதில்தான் நான் பள்ளிக்கூடத்துக்குப் பணம் கட்டினேன். சிறுவாடு கட்டாயம் வேண்டும். ஆனால் முட்டையாக விற்பதை விட, ஈட்டுக்கு ஒரு தரம் ஒரு கோழியை அடைவைத்து, குஞ்சுகளைச் சேவலாக்கி விற்றால் பல மடங்கு கிடைக்கும். 21 நாளில் குஞ்சு பொரியும். அதன் பிறகு இரண்டு எதிரிகள்: பருந்து, வெள்ளைக்கழிச்சல். பருந்துக்குப் பஞ்சாரம் போதும். கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் பட்டி காலி. அதைத் தடுக்க, குஞ்சு பொரித்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் இறக்கையில் ஓர் ஊசி. கால்நடை மருந்தகத்தில் போடுவார்கள். வழக்கமாகப் பிப்ரவரியில் ஊர் ஊராக முகாமும் நடக்கும். மருத்துவர் வரும் அன்று காலையில் கோழியைத் திறந்துவிட்டுவிட்டு, அப்புறம் காடெல்லாம் துரத்துகிறவர்களை ஆயிரம் பேர் பார்த்திருக்கிறேன். முந்தின ராத்திரி அடைத்ததை அன்று காலையில் திறக்காதீர்கள்.

சரி, மாட்டுக்கு வருவோம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் பொருள், இரண்டாவதில் ரூபாய், மூன்றாவதில் மணி நேரம். அந்த மூன்றாவது பத்தியை யாரும் எழுதுவதில்லை. இப்போது மாட்டை அதில் எழுதிப் பார்க்கலாம். நான் போடும் விலைகள் ஒரு கணக்குக்காகத்தான், உங்கள் ஊர் விலையை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரு கலப்பின மாடு சராசரி 8 லிட்டர் கறக்கிறது, வருடத்தில் 300 நாள் கறக்கிறது என்று வையுங்கள். சொசைட்டியில் லிட்டருக்கு 35 ரூபாய் என்றால் வருடத்துக்கு 84,000. கேட்க நன்றாக இருக்கிறது. இப்போது செலவைப் பார்ப்போம். மாட்டின் உடம்பைத் தாங்க ஒன்றரைக் கிலோ தீவனம், அதற்கு மேல் இரண்டரை லிட்டர் பாலுக்கு ஒரு கிலோ. ஆக நாளுக்கு ஏறத்தாழ 5 கிலோ. கிலோ 30 ரூபாய் என்றால் கறக்கிற நாட்களுக்கு மட்டும் 45,000. பால் வற்றிய இரண்டு மாதத்துக்கு 4,000. சோளத்தட்டு வாங்க 15,000. சினை ஊசி, மருந்து, காப்பீடு எல்லாம் சேர்த்து 4,000. மிச்சம் 16,000. கடனுக்கு நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி என்றால் அதிலும் 7,200 போய்விடும். கையில் நிற்பது 8,800. சாணி எடுக்க, கழுவ, தட்டு நறுக்க, தண்ணீர் காட்ட, கறக்க, சொசைட்டிக்கு நடக்க என்று நாளுக்கு மூன்று மணி நேரம் ஆகும். வருடத்துக்கு 1,095 மணி நேரம். வகுத்துப் பாருங்கள். மணிக்கு எட்டு ரூபாய்.

எரு கிடைக்கும், வீட்டுக்குப் பால் கிடைக்கும், கன்று ஒன்று நிற்கும். அதெல்லாம் சேர்த்தால் கணக்கு கொஞ்சம் மேலே ஏறும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மடிநோய் ஒன்று வந்தால் அத்தனையும் கீழே வரும். மாடு கட்டிய வீட்டில் கோயில் நோம்பி, கல்யாணம் என்று எங்கே போனாலும் சாயங்காலக் கறவைக்குத் திரும்பியாக வேண்டும். உங்கள் மாமியார் கறப்பார் என்று எண்ணியிருந்தால், அதை முதலில் அவரிடம் கேட்டீர்களா?

‘அப்படியானால் நம்ம ஊர்க் காங்கேயம் மாடு வாங்கலாமே, தீவனச் செலவு குறைவு’ என்று யாராவது சொல்வார்கள். எனக்கும் அந்த மாட்டின் மேல் ஆசை உண்டு. ஆனால் அது உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனது. நாளுக்கு இரண்டு, மூன்று லிட்டர் கறந்தால் பெரிது. வீட்டுத் தேவைக்கு அது போதும், கடனை அடைக்கப் போதாது. இரண்டு வருடம் பொறுங்கள். போர்த் தண்ணீர் பாய்கிற இடத்தில் பத்து சென்ட் கோ-5 புல், வரப்பில் அகத்தி, வேலிமசால் என்று தீவனத்தை முதலில் வளருங்கள். மாடு அப்புறம் வரட்டும், அதுவும் கடன் இல்லாமல். அதுவரை பக்கத்துத் தோட்டத்தில் காசு கொடுத்து ஒரு லிட்டர் வாங்குவதில் ஒரு குறைச்சலும் இல்லை.

மேட்டாங்காட்டுக்கு வெள்ளாடு பொருந்தும். இரண்டு பெட்டை போதும். சினைக்காலம் ஐந்து மாதம். திடீரென்று ஆஸ்பத்திரிச் செலவு என்றால் ஒரு கிடாயைப் பிடித்துக்கொண்டு சந்தைக்குப் போய்விடலாம். மாட்டை அப்படிப் பாதியாக விற்க முடியாது. உங்கள் காட்டில் மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காடாக ஒரு துண்டு, கிளுவை வேலி, நாலு வெள்வேல மரம் இருந்தால், அதை உழுதுவிடாதீர்கள். வெள்வேலங்காய் உதிர்கிற மாதங்களில் ஆட்டுக்குத் தீவனமே வாங்க வேண்டியிருக்காது.

அடுத்து எண்ணெய். “எங்கள் கடலை, அதனால் எண்ணெய் சும்மா கிடைக்கிற மாதிரி” என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. காட்டில் விளைந்தது இலவசம் அல்ல. அதை விற்றிருந்தால் வந்திருக்கும் காசுதான் அதன் விலை. பத்துக் கிலோ பருப்பு ஆட்டினால் நாலு லிட்டருக்குச் சற்று மேலே எண்ணெய் வரும். பருப்பு கிலோ 120 ரூபாய், ஆட்டுக்கூலி 120, திரும்ப வரும் புண்ணாக்கை 250 என்று கழித்தாலும், லிட்டர் 250 ரூபாய் ஆகிறது. கடையில் செக்கெண்ணெய் வாங்குவதோடு ஒப்பிட்டால் லாபம், பாக்கெட் எண்ணெயோடு ஒப்பிட்டால் செலவு. ருசிக்காகவும், கலப்படம் இல்லை என்ற நிம்மதிக்காகவும் ஆட்டுங்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். நோட்டில் மட்டும் அதை ‘மிச்சம்’ என்ற கணக்கில் எழுதாதீர்கள்.

விறகடுப்பில் சமைப்பதை நிறுத்துங்கள். குளிக்கத் தண்ணீர் காய்ச்ச, நெல் அவிக்க, வாசலில் அடுப்பு மூட்டிக்கொள்ளலாம். ஓட்டு வீட்டுக்குள் மூன்று வேளையும் புகைய விட்டால், முதலில் இருமுவது அந்தக் குழந்தையும் மாமியாரும்தான். சாண எரிவாயு பற்றிக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன். ஒரு கன மீட்டர் கலனுக்கே தினம் 25 கிலோ சாணம் வேண்டும். இரண்டு மாடாவது இல்லாமல் அது வெறும் தொட்டி.

சோப்பு வேண்டவே வேண்டாம். காஸ்டிக் சோடா பட்டால் தோலைப் பொசுக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகும். நான்கு வயதுக் குழந்தை ஓடி விளையாடுகிற வீட்டில், நூறு ரூபாய் மிச்சத்துக்கு அதை வைத்திருக்கக் கூடாது. தலைக்கு அரப்பு இருக்கிறது. உசிலை இலையை உருவி நிழலில் காயவைத்து இடித்தால் முடிந்தது. உங்கள் பக்கம் கரட்டு ஓரங்களில் அந்த மரத்துக்குப் பஞ்சமில்லை.

இதுவரை வேண்டாம், வேண்டாம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். எதில் உண்மையாகவே மிச்சம் இருக்கிறது என்று சொல்ல வேண்டாமா? காய்கறியில் இருக்கிறது. வாசலுக்குப் பக்கத்தில் இரண்டரை சென்ட் போதும், பாத்திரம் கழுவிய தண்ணீரும் குளித்த தண்ணீரும் வாழைக்கும் பப்பாளிக்கும் போகட்டும். கீரையில் சிறுகீரையும் முளைக்கீரையும் 25 நாளில் பிடுங்குவது. அரைக்கீரை ஒரு தரம் விதைத்தால் கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். வேலை குறைய வேண்டும் என்றால் அரைக்கீரையைக் கூட்டுங்கள். முருங்கையில் பெரியகுளத்தில் உருவாக்கிய பிகேஎம்-1 விதை போட்டால் ஆறு மாதத்தில் காய் பறிக்கலாம். ஆள் உயரம் வருவதற்கு முன்பே நுனியைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் காய் எட்டாத உயரத்துக்கு ஓடிவிடும். ஆடிப்பட்டத்தில் அவரை, அரசாணி (மஞ்சள் பூசணி), பீர்க்கன் கொடிகளை வேலியில் ஏற்றுங்கள். சித்திரை, வைகாசியில் காய் வராது. அந்த இரண்டு மாதமும் தண்ணீரை இறைத்து உயிரை விடாமல் சந்தையில் வாங்கிக்கொள்ளுங்கள். வற்றலும் அரசாணிக்காயும் அதற்குத்தானே இருக்கின்றன.

அதைவிடப் பெரிய மிச்சம் ஒன்று இருக்கிறது. அதில் உழைப்பும் குறைவு. பொருளை அதன் மாதத்தில் வாங்குவது. மாசி, பங்குனியில் புளி மலிவாக வரும். வருடத்துக்கு வேண்டியதை ஓட்டோடு வாங்கி, மாமியாரும் நீங்களும் உட்கார்ந்து கொட்டை எடுத்து, உப்புப் போட்டு மண்பானையிலோ பீங்கான் ஜாடியிலோ அடையுங்கள். தகரத்தில் வைத்தால் புளிப்பு தகரத்தை அரித்துவிடும். பங்குனி, சித்திரையில் மிளகாய் வற்றலும் மல்லியும் வாங்கி, அந்த வெயிலிலேயே காயவைத்து அரைத்துக்கொள்ளலாம். மாதாமாதம் பாக்கெட் பொடி வாங்குவதோடு ஒப்பிட்டு நோட்டில் எழுதுங்கள். நான்கு நாள் வேலைக்கு எவ்வளவு மிச்சம் என்று மணிக் கணக்கோடு தெரியும். மாட்டின் எட்டு ரூபாய்க்குப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள். இதற்குக் கையில் மொத்தமாக ஒரு தொகை வேண்டும். ஏழைக்கு எல்லாமே விலை அதிகமாவது அந்தத் தொகை இல்லாததால்தான். முதல் வருடம் புளி மட்டும் வாங்குங்கள், அடுத்த வருடம் மிளகாய்.

ரேஷன் கடையை விட்டுவிட்டீர்களா என்று தெரியவில்லை. கடையில் வாங்குவதில்லை என்ற வைராக்கியத்தில் அதையும் சேர்த்திருந்தால் தப்பு. கிலோ 30 ரூபாய்க்குத் துவரம்பருப்பும் லிட்டர் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வேறெங்கும் கிடைக்காது.

இப்போது நாத்தனார் விஷயம். 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளம் இல்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளுக்கு 299 நிமிடம் செலவிடுவதாக வந்தது, ஆண்கள் 97 நிமிடம். ஐந்து மணி நேரம். இதில் உங்கள் கோழி, தோட்டம் எல்லாம் சேராது. ‘சும்மா’ என்ற சொல்லை நம் வீடுகளில் ஆண்களைவிடப் பெண்கள்தான் அதிகம் சொல்கிறோம் என்பது என் அனுபவம். நாத்தனாரிடம் வாதாட வேண்டாம். கணவரிடம் பேசுங்கள். மூன்று மாதம் அந்த நோட்டை எழுதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் கையில் கொடுங்கள். அதற்குப் பக்கத்திலேயே திருப்பூர்க் கணக்கையும் எழுதுங்கள். பன்னிரண்டாயிரம் சம்பளம், அதில் வாடகை எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு, அலுத்துப்போய்க் கடையில் வாங்கிய பரோட்டாவுக்கு எவ்வளவு, குழந்தையைப் பார்த்துக்கொண்டவருக்கு எவ்வளவு. அவர் அதே திருப்பூரில் உங்களோடு இருந்தவர்தானே, அவருக்குப் புரியும்.

ஆனால் நாத்தனார் சொன்னதில் ஒரு பாதி நியாயம் இருக்கிறது. பணம் வேண்டும். கீரையும் கோழியும் ஆபரேஷன் செலவைக் கட்டாது. சம்பளம் 17,000, செலவு 6,000 என்று எழுதியிருக்கிறீர்கள். மீதி 11,000 எங்கே போகிறது? கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கே தெரியாது என்றால் மாடு, சோப்பு எல்லாவற்றையும் விட அதுதான் முதல் வேலை. பழைய கடன் இருந்தால் எவ்வளவு, எந்த வட்டி என்று உட்கார்ந்து கேளுங்கள். நீங்கள் மிச்சம் பிடிக்கிற ஒவ்வொரு ரூபாயும் ஓட்டைப் பானையில் விழுகிறதா என்று தெரியாமல் எப்படி மிச்சம் பிடிப்பீர்கள்?

மில்லில் இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருப்பவர்களுக்கு அது உண்டு, மனைவி, குழந்தையோடு அவரைச் சார்ந்திருக்கும் தாய்க்கும் சேர்த்து. இது முக்கியம். ஏனென்றால் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருட வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், உங்கள் வீட்டு வருமானம் அதைத் தாண்டிவிட்டது. உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து வருடம் 20 ரூபாய் பிடித்தால் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு, 436 ரூபாய்க்கு இரண்டு லட்சத்துக்கு ஆயுள் காப்பீடு. கணவருக்கும் போடுங்கள், உங்களுக்கும் போடுங்கள். வீட்டில் இருக்கிற பெண்ணுக்கு எதற்குக் காப்பீடு என்று கேட்டால், மறுபடி நோட்டை எடுத்துக் காட்டுங்கள். மகளுக்குத் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு, வருடம் 250 ரூபாயிலிருந்து கட்டலாம். பத்து வயதுக்குள் தொடங்கிவிட வேண்டும். உங்கள் பெயரில் மாதம் 500 ரூபாய்க்கு ஐந்து வருடத் தொடர் வைப்பு ஒன்று. மகளிர் உரிமைத்தொகை மாதம் 1,000 ரூபாய் ஒரு குடும்ப அட்டைக்கு ஒருவருக்குத்தான். மாமியார் ஏற்கெனவே வாங்குகிறார் என்றால் அதை விட்டுவிடுங்கள், அதில் சண்டை வேண்டாம். அது அவருடைய சிறுவாடு.

திருப்பூர் பக்கமிருந்து பீஸ் கொண்டுவந்து பிசிறு வெட்டக் கொடுக்கிறவர்கள் உங்கள் ஊருக்கும் வரலாம், விசாரியுங்கள். நீங்கள் செக்கிங் தெரிந்தவர், வெறும் பிசிறு வெட்டுகிறவருக்குக் கொடுப்பதை விடக் கூடுதலாகக் கேட்கலாம். நாளுக்கு இரண்டு மணி நேரம். அதே மூன்றாவது பத்தியில் எழுதிப் பார்த்தால், மாட்டைவிட அது எத்தனை மடங்கு என்று நீங்களே சொல்வீர்கள்.

பின்குறிப்பில் கேட்ட துவரை. வண்டு வீட்டில் வந்து விழுவதில்லை. காட்டிலேயே காயின் மேல் முட்டை வைத்துவிடும், மூட்டைக்குள் பொரிந்து பெருகும். அதனால் தை, மாசியில் அடித்ததும் மூட்டை கட்டி மூலையில் போடாமல், பல்லில் கடித்தால் ‘டக்’கென்று உடைகிற அளவுக்குக் காயவையுங்கள். அப்புறம் பழைய வழிதான், செம்மண் கட்டுவது. கல் இல்லாமல் சலித்த செம்மண்ணைத் தண்ணீரில் குழைத்து, துவரை முழுக்க மெலிதாகப் பூசுகிற மாதிரி பிசறி, ஒரு ராத்திரி குவித்து மூடிவையுங்கள். மறுநாள் பிரித்து நன்றாக வெயிலில் காயவைத்தால் வண்டு நெருங்காது, உடைக்கும்போது தோலும் லேசாகக் கழன்று வரும். முழுசாக உடைக்காமல் இரண்டு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் திருகையில் போடுங்கள். உடைத்த பருப்புக்குக் கிலோவுக்கு ஒரு சிறு கரண்டி விளக்கெண்ணெய் தடவி, காய்ந்த வேப்பிலையும் நாலு மிளகாய் வற்றலும் போட்டு வையுங்கள். இதில் மாமியாருக்கு என்னைவிடக் கைப்பழக்கம் இருக்கும், செம்மண் எந்தக் காட்டில் நல்லது என்பதும் அவருக்குத்தான் தெரியும். அவரைக் கூட்டிக்கொண்டு போய் எடுங்கள்.